சித்திரைக்கு வைத்த எண்

புளியரை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் என் ஷெட்.
ஆனி மாதம். தகரத்தில் சாரல்
பொரி கொட்டுகிற மாதிரி.
புனலூரிலிருந்து சனூப் வந்திருக்கிறான்.
வெள்ளை வண்டி.
பெரிய டர்போ ஒன்றைத் தானே வாங்கி மாட்டியிருக்கிறான்,
உள்ளே பிஸ்டன் மட்டும்
கம்பெனி கொடுத்த அதே பிஸ்டன்.

"சேச்சி, ஒண்ணு புள்ளி ரெண்டு பார் வை.
குழப்பமில்ல."

குழப்பம்
நாலாயிரம் சுற்றுக்குக் கீழே வாயே திறக்காது.

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு
பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன்.
இன்ஜினில் முறுக்கிய செம்புக் குழாயின் மறுமுனை
என் காதில்.
கோட்டைவாசல் ஏற்றம், மூன்றாவது கியர்,
மிதி என்றேன்.

அரை. முக்கால்.
ஒன்று.
ஒன்று புள்ளி ரெண்டில் முள் நின்று நடுங்கியது.
தேக்கு மரங்கள் ஒரே மரமாகிவிட்டன.
குழாய்க்குள் சீரான இரைச்சல்,
ஒரு தட்டல் கூட இல்லை.
"கண்டோ?" என்று சிரித்தான்.

கண்டேன்.
உள்ளே போகிற காற்று முப்பத்தெட்டு டிகிரி.
இன்டர்கூலரைச் சாரல் கழுவிக்கொண்டே வருகிறது.
இந்த மலை ஆனியில் கொடுப்பதெல்லாம் கைமாற்று,
சித்திரையில் ஆள் அனுப்பிக் கேட்கும்.

நான் வேறொரு நாளை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிற்பகல் இரண்டு மணி,
கடையநல்லூர் ரோட்டில் கானல்.
பின் சீட்டில் மூன்று பேர்,
டிக்கியில் பாவூர்சத்திரத்துக் காய்கறி மூட்டை,
ஏசி முழுசாக.
எந்த பங்க்கில் போட்டதோ தெரியாத பெட்ரோல்.
முன்னால் ஒரு வைக்கோல் லாரி
ரோட்டின் இரண்டு ஓரத்தையும் உரசிக்கொண்டு.
பத்து நிமிஷம் அதன் புகையில் ஊர்ந்து
இன்டர்கூலர் தோசைக்கல்லாகிவிட்ட பிறகு
வளைவு தாண்டி ஓர் இடைவெளி கிடைக்கும்.

அப்போது மிதிப்பான்.
யாராயிருந்தாலும் மிதிப்பார்கள்.
அந்த மிதிக்குத்தான் எண் வைக்க வேண்டும்,
இந்த மிதிக்கு இல்லை.

முதலில் கடலை வறுபடுகிற சத்தம்.
பாட்டுப் போட்டிருந்தால் அதுவும் கேட்காது.

ஷெட்டுக்குத் திரும்பி முக்கால் வைத்தேன்.
டைமிங்கில் ரெண்டு டிகிரி விட்டுக்கொடுத்தேன்.
காற்று ஐம்பத்தைந்தைத் தொட்டால் அரைக்கு இறங்கு,
முள் ஒன்றைத் தாண்டினால் பெட்ரோலையே வெட்டு
என்று வண்டியிடம் சொல்லிவைத்தேன்.
வண்டி கேட்கும்.

அவன் முகம் விழுந்துவிட்டது.
"இதுக்கா நான் மலை இறங்கி வந்தது?
கொல்லத்துல ஒருத்தன் ஒண்ணரை வச்சுத் தராம்."
தருவான்.
அவன் வேலை வண்டியை வெளியே அனுப்புவதோடு முடிகிறது.

பில் எழுத மேஜைக்கு வந்தோம்.
காகிதம் பறக்காமலிருக்க அங்கே ஒரு பிஸ்டன்,
மேல் வளையத்தின் ஓரம்
எலி கடித்த பிஸ்கட்.
எடுத்துத் திருப்பிப் பார்த்தான்,
பள்ளத்தில் நகத்தை ஓட்டினான்.

"ஆருடெ?"
"ஒரு கஸ்டமரோடது."
"எத்ர வச்சிருந்து?"
"ஒண்ணு புள்ளி ரெண்டு."

பிஸ்டனை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்தான்.
பணத்தை எண்ணாமல் கொடுத்தான்.
கொல்லத்துக்காரனைப் பற்றி அப்புறம் பேசவில்லை,
போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இசக்கிராஜ் ஸ்பானர் துடைப்பதை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தான்.
மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.

எஸ் வளைவிலிருந்து ஷெட் வரைக்கும்
அன்றைக்குக் கயிறு கட்டி இழுத்து வந்தது அவன்தான்.
பின்னால்,
செத்த வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு
நான்.
சித்திரை பதினாறு.
வைக்கோல் லாரி எங்களைத் தாண்டிப் போனது.